வெள்ளை மேல் வெள்ளை



வானொலியில் ஓவியத்தைப் பற்றிப் பேச வருகிறவருக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. படத்தைக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். இன்றைக்கு எனக்கு அந்தச் சங்கடம் கொஞ்சம் குறைவு. நான் சொல்லப்போகிற படத்தில் மரம் இல்லை, மனிதர் இல்லை, வானமும் இல்லை. சதுரமான வெள்ளைப் பரப்பு; அதற்குள் சற்றே சாய்ந்தாற்போல இன்னொரு வெள்ளைச் சதுரம். அவ்வளவுதான் படம்.

வரைந்தவர் ரஷ்ய ஓவியர் கசிமிர் மாலேவிச். ஆண்டு 1918. படம் இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய படம் ஒன்றுமில்லை, ஒரு பக்கம் 80 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால் இதே மாலேவிச் ஒரு கறுப்புச் சதுரத்தை வரைந்து, பெத்ரோகிராத் நகரத்துக் கண்காட்சியில் சுவரின் மூலையில், உயரத்தில் மாட்டினார். ரஷ்ய வீடுகளில் அந்த மூலை சாமி படத்துக்கு உரிய இடம். பார்க்க வந்தவர்களுக்கு அதன் பொருள் புரியாமல் இருந்திருக்காது.

வெள்ளைச் சதுரத்துக்கு வருவோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிட்டப் போனால், இரண்டு வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை. வெளியே இருப்பதில் மஞ்சள் கலந்த ஒரு வெதுவெதுப்பு. உள்ளே இருப்பது நீலம் தட்டிய, குளிர்ந்த வெள்ளை. உள்சதுரத்தின் ஓரங்களை அளவுகோல் வைத்துப் போடவில்லை; கையால் இழுத்த கோட்டுக்கே உரிய லேசான தடுமாற்றம் இருக்கிறது. தூரிகை போன திசையும் தெரிகிறது. இவ்வளவு வேலை நடந்திருக்கிற இடத்தை வெறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“இதை எங்க வீட்டுப் பிள்ளைகூடப் போடுமே” என்று உங்களில் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பீர்கள். நியாயம்தான். இந்தக் கிண்டல் மாலேவிச்சைவிட வயதில் மூத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1883-இல் பாரிசில் அல்போன்ஸ் அலே என்ற நகைச்சுவை எழுத்தாளர் ஒரு வெற்று வெள்ளைத் தாளைக் கண்காட்சியில் மாட்டினார். இரத்தசோகை பிடித்த சிறுமிகள் பனிக்காலத்தில் முதல் நற்கருணை வாங்கும் காட்சி என்று அதற்குத் தலைப்பும் வைத்தார். தலைப்பைப் படித்தீர்கள், சிரித்தீர்கள், வேலை முடிந்தது. அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். மாலேவிச்சின் படத்தில் தலைப்பு ஒரு உதவியும் செய்யாது, நின்று பார்த்தே ஆகவேண்டும். எனக்குத் தெரிந்தவரை, வெள்ளைப் படங்களில் நல்லது எது, வெத்துவேட்டு எது என்று பிரிக்கிற கோடு இதுதான்.

வண்ணக் குழாய் வாங்குகிறவர்களைக் கேட்டால் வெள்ளை என்பது ஒரே நிறம் என்று சொல்லமாட்டார்கள். ஈய வெள்ளை இருக்கிறது: இதமானது, தூரிகைக்கு வசமாக வளைந்து கொடுக்கும், ஆனால் நஞ்சு. துத்தநாக வெள்ளை குளிர்ந்தது. காய்ந்தபின் எளிதில் வெடிக்கும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது டைட்டானியம் வெள்ளை. அடியில் எது இருந்தாலும் மூடிவிடும். இன்று நம் வீட்டுச் சுவர் வெள்ளையாக இருப்பதும் இதன் தயவில்தான்.

அந்தச் சுவர் வண்ணத்தையே எடுத்துக்கொண்டார் ஒரு இளைஞர். 1951-இல் அமெரிக்காவில் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியோடு தொடர்பிலிருந்த ராபர்ட் ரோஷன்பெர்க். கித்தான் பலகைகளை வரிசையாக நிறுத்தி, வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளையை உருளையால் தேய்த்தார். தூரிகைத் தடம் இல்லை, கை தெரியக்கூடாது என்பதே திட்டம். மாலேவிச் விட்டுவைத்த கைத்தடத்தையும் இவர் எடுத்துவிட்டார். பிறகு அதில் என்னதான் மிச்சம்? அவருடைய நண்பர், இசையமைப்பாளர் ஜான் கேஜ், மிச்சம் இருப்பதைக் கண்டுகொண்டார். அறையில் நடப்பவரின் நிழல் அதில் விழும். பொழுது சாயச் சாய வெளிச்சம் மாறும். தூசி படியும். வெள்ளை வேட்டி கட்டியவருக்குத் தெரியும், ஊரில் எத்தனை விதமான கறை உண்டு என்று. ரோஷன்பெர்க்கின் பலகைகளும் அப்படித்தான், தம்மேல் விழுவதையெல்லாம் காட்டிக்கொடுத்தன.

அந்தப் படங்கள் கொடுத்த துணிச்சலில் கேஜ் ஓர் இசைத் துண்டு எழுதினார். 1952 ஆகஸ்ட் 29, நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக். காட்டுக்குள் ஒரு மர அரங்கம், ஒரு பக்கம் திறந்தே இருக்கும். பியானோ கலைஞர் டேவிட் டியூடர் வந்து உட்கார்ந்தார், கட்டைகளின் மூடியைச் சாத்தினார், கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ஒரு பகுதி முடிந்ததும் மூடியைத் திறந்தார், அடுத்ததற்கு மறுபடி சாத்தினார். இப்படி மூன்று பகுதிகள், மொத்தம் 4 நிமிடம் 33 விநாடி. ஒரு கட்டையைக்கூட அழுத்தவில்லை. முதலில் மரங்களில் காற்று கேட்டது, பிறகு கூரையில் மழைத்துளி, கடைசியில் பொறுமை போன ரசிகர்களின் முணுமுணுப்பும் எழுந்து போகும் காலடியும். இதையெல்லாம் பின்னாளில் கேஜே ஆசையாக நினைவுகூர்ந்திருக்கிறார்.

வானொலிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பயம் உண்டு. நான் இப்போது பத்து நொடி பேசாமல் இருந்தால், கண்ணாடிக்கு அந்தப்புறம் இருப்பவர் கையை ஆட்டத் தொடங்கிவிடுவார். 2004 ஜனவரியில் பிபிசி தன் சிம்பொனி இசைக்குழுவை வைத்தே கேஜின் இந்தத் துண்டை நேரடியாக ஒலிபரப்பியது. சத்தம் நின்றுபோனால் கோளாறு என்று எடுத்துக்கொண்டு தானே மாற்று ஒலியைப் போட்டுவிடும் அவசரக் கருவி ஒன்று அங்கே உண்டு. அன்றைக்கு அதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. சும்மா இருப்பதற்கு எத்தனை ஏற்பாடு பாருங்கள்!

பாரிசில் இவ் கிளைன் என்ற கலைஞர் செய்தது இன்னும் ஆரவாரம். 1958 ஏப்ரல் 28, அவருடைய முப்பதாவது பிறந்தநாள். ஐரிஸ் கிளெர் கலைக்கூடத்தைக் காலிசெய்து, உள்ளே முழுக்க வெள்ளையடித்து, வெறுமையைப் பார்க்க வாருங்கள் என்று அழைப்பு அனுப்பினார். வாசலில் நீலத் திரை, சீருடைக் காவலர்கள், கூட்டமோ கூட்டம். வந்தவர்களுக்கு நீல நிற மதுபானம் வேறு. அதில் கலந்திருந்த சாயத்தால் மறுநாள் பலருக்குச் சிறுநீரும் நீலமாகப் போனது என்பது கலை வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது! எனக்கென்னவோ கிளைனின் வெற்று அறையைவிட வாசல் அலங்காரம்தான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு ஆண்டு கழித்து அதே கூடத்தில் அவருடைய நண்பர் ஆர்மான் தரையிலிருந்து மேலே வரை குப்பையைக் கொட்டி நிரப்பிப் பதில் சொன்னார். 2009-இல் பாரிசின் பொம்பிடு மையம் வெற்று அறைகளின் வரலாறு என்று ஒன்பது காலி அறைகளைக் காட்சிக்கு வைத்தது. ஒன்று போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

வெள்ளையை நம்பியவர்களில் என் ஓட்டு ஓவியர் ராபர்ட் ரைமனுக்கு. ஜாஸ் சாக்ஸபோன் வாசிக்க நியூயார்க் வந்தவர். பிழைப்புக்காக 1953 முதல் 1960 வரை நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை பார்த்தார், அதாவது மாலேவிச்சின் வெள்ளை இருக்கும் அதே இடம். நாள் முழுக்கப் படங்களோடு நிற்பது சம்பளத்தோடு கிடைத்த படிப்பு. 2019-இல் இறக்கும்வரை பெரும்பாலும் சதுரத்தையும் வெள்ளையையும் அவர் விடவில்லை. மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்: லினன் துணி, பருத்தி, காகிதம், அலுமினியம், கண்ணாடியிழை, எண்ணெய் வண்ணம், அக்ரிலிக், எனாமல். படத்தைச் சுவரில் பிடிக்கிற திருகாணியும் உலோகப் பட்டையும்கூட வெளியே தெரியும், அவையும் படத்தில் சேர்த்திதான். நிறத்தின் தொந்தரவு போய்விட்டதால், வண்ணம் எங்கே தடித்தது, எங்கே துணி எட்டிப் பார்க்கிறது, தூரிகையில் சரக்கு எங்கே தீர்ந்தது என்று கண் தேட ஆரம்பிக்கிறது.

இப்படிப்பட்ட வெள்ளைக்கு ஆபத்தும் அதிகம். 2007-இல் பிரான்சின் அவிஞோன் நகரத்தில், சை டுவாம்பிளி என்ற ஓவியரின் மூன்று பகுதி ஓவியம் ஒன்றில் வெறும் வெள்ளையாக இருந்த கித்தானைப் பார்த்துப் பரவசப்பட்ட ஒரு பெண், அதை முத்தமிட்டுவிட்டார். உதட்டில் சிவப்புச் சாயம். துடைத்துப் பார்த்தும் எளிதில் போகவில்லை. அன்பினால் செய்தது, ஓவியர் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன் என்றார் அவர். நீதிமன்றம் 100 மணி நேரம் சமூக சேவை செய்யச் சொன்னது. படத்தின் உரிமையாளருக்கு 1,000 யூரோ, கலைக்கூடத்துக்கு 500 யூரோ, ஓவியருக்கு அடையாளமாக 1 யூரோ இழப்பீடு.

ரோஷன்பெர்க்கின் பலகையாக இருந்திருந்தால் வழக்கே வந்திராது. அவருடைய வெள்ளை அழுக்கானால் மறுபடி அடித்துக்கொள்ளலாம், அவரே அடிக்கவேண்டும் என்பதும் இல்லை. 1968-இல் அவருடைய உதவியாளராக இருந்த பிரைஸ் மார்டன் அப்படித்தான் உருளையை எடுத்து அவற்றுக்குப் புதிதாக வெள்ளையடித்தார். மார்டன் பிறகு தாமே பெரிய ஓவியராக அறியப்பட்டவர்.