கஞ்சாவும் தாயத்தும்

(கொல்லிமலை, செம்மேட்டில் பேசியது)



கூலிக்காரன் கஞ்சாக் குடித்தால் "பாவி" என்கிறோம். அதையே சாமியார் குடித்தால் "சிவமூலி" என்று காலில் விழுகிறோம். இது என்ன நியாயம்?

மிளகு பறித்த கூலி புகையாகிறது, பிறகு கடன், பிறகு மனைவியின் தோடு, கடைசியில் திருட்டு. அப்புறம் போலீசு, கோர்ட்டு, ஜெயில்! வீட்டாரோ தாயத்துக் கட்டுகிறார்கள். தாயத்தால் திருந்தினவன் எவன்?

1937-ல் முதன்முதல் மதுவிலக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். இம்மலையும் அப்போது அந்த ஜில்லாவே. தண்டனையால் மட்டும் போதை ஒழிந்ததா?

1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை நாம் சொல்லுகிறோம், கேளுங்கள்: சிறிதளவோடு, கஞ்சாவானால் 1 கிலோ வரை, பிடிபட்ட போதை அடிமை தானே சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கினின்று தப்பலாம். பாதியில் விட்டால் சலுகை போய்விடும்.

ஆகவே அவனை மந்திரவாதியிடமல்ல, வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.