முறையே உயிர்காக்கும்

கெடாத் தோட்டத் தோழர்களே! கத்தி ஆழ இறங்கினால் மரம் காயப்படும் என்பதால் நாம் முறையறிந்து சீவுகிறோம். விமானப் பராமரிப்பும் அத்தகையதே.

2018 ஜூலை 18ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நின்ற மலேசிய ஏர்லைன்ஸ் விமானத்தில், வேகத்தை அளக்கும் மூன்று குழாய்களுக்கும் குளவி கூடு கட்டாதிருக்க உறையிட்டனர். அவற்றைக் கழற்றும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக வகுக்கப்படவில்லை. புறப்படுமுன் செய்யும் சோதனையும் முழுமையாக நடைபெறவில்லை. உறைகளோடே விமானம் கோலாலம்பூர் நோக்கி எழுந்தது. வேகங்காட்டும் கருவிகள் பயனற்றுப்போயின. விமானிகள் திரும்பிவந்து பத்திரமாக இறக்கினர், எவருக்கும் காயமில்லை.

சுங்கைப் பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் இளைஞரும் இதனை உணர்தல் வேண்டும். "பிறர் பார்த்திருப்பார்" என்றிராமல், நம் கண்ணால் கண்டபின்னரே வேலை முடிந்ததென்று கையொப்பமிடுவோம்.