காக்காப்பொன்னும் கல்கிடங்கும்

திருச்சுழிப் பக்கம், கரிசல் காட்டை ஒட்டிய பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். கொஞ்ச தூரத்தில் கைவிடப்பட்ட கல்கிடங்கு ஒன்று உண்டு. "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று காலைக் கூட்டத்தில் வாரம் தவறாமல் சொல்லி வந்தேன். நான் சொல்லச் சொல்ல, அங்கே புதையல் இருப்பது பிள்ளைகளுக்கு உறுதியாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை நான்கு பையன்கள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினார்கள். காக்காப்பொன், வெங்கச்சங்கல், அவற்றோடு இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருந்த விரல் நீளக் குழாய். பாறைக்கு வைக்கும் வெடியின் கேப்! ஒயரைப் பழைய இரும்புக் கடையில் போடலாமென்று பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தானாம் ஒருவன். பெட்டியை அங்கேயே வைக்கச் சொல்லி, எல்லாரையும் மைதானத்துக்கு அனுப்பினேன். தலைமையாசிரியர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே குவாரி வெடிமருந்து வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

"கிடங்குத் தண்ணியில இறங்குனீங்களாடா?"

"நீச்சல் தெரியும் டீச்சர், கண்மாயில பழகுனது."

அங்கேதான் உயிர் போகிறது. கண்மாய் கரையிலிருந்து சரிவாக ஆழமாகும். கிடங்கைச் செங்குத்தாக வெட்டியிருப்பார்கள். முதல் அடியிலேயே ஆள் முங்கும், பிடித்து ஏறக் கரை கிடையாது. இதை ஒருநாளும் நான் சொன்னதில்லை. போகாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அன்று இரண்டையும் கரும்பலகையில் வரைந்தேன். ஒரு பையன் எழுந்து வந்து, எந்த இடத்தில் பாறை பிளந்து நிற்கிறது என்று குறித்தான். வேலி கேட்டு நாங்கள் கொடுத்த மனுவோடு இணைத்தது அவர்கள் வரைந்த படம்தான்.