பின்னாடியும் பாரம் வேணும்!

(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தொழு உரமும் வண்டல் மண்ணும் அள்ளச் சின்ன டிராக்டரில் லோடர் மாட்டினால், ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். முன்னாடி பக்கெட் நிறைந்தால் பின்சக்கரம் லேசாகிவிடும்.

கணக்குப் பாருங்க. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 5 அடி. முன்சக்கரத்துக்கு 3 அடி முன்னால் 300 கிலோ மண். பின்சக்கரத்தில் 180 கிலோ குறைஞ்சிடும். பெரும்பாலான டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்தில்தான். சரிவில் பிரேக் பிடிக்காது. வண்டி கவிழவும் செய்யும்.

கிணத்துத் துலாவின் பின்முனையில் கல் கட்டினாங்களே, அதே வழிதான் இதுக்கும். பின்சக்கரத்துக்கு இரண்டரை அடி பின்னால் 200 கிலோ கான்கிரீட் பெட்டி மாட்டினால், பின்சக்கரத்தில் 300 கிலோ கூடும். முன்சக்கரத்தில் 100 கிலோ குறையும். டயரில் தண்ணீர் நிரப்பினால் பிடிப்பு கூடும், ஆனா முன்பாரம் குறையாது. எவ்வளவு எடை மாட்டலாம் என்பதை வண்டியோடு வரும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கெட்டைத் தாழ்த்தி, மெதுவா ஓட்டணும்.

"கனத்துக்குப் பின்னாடி ஏறி நில்லும்மா" என்று யார் சொன்னாலும் ஏறாதீங்க. தவறி விழுந்தா சக்கரத்துக்குள்ளதான். வேலைக்குப் போன இடத்திலும் இதைத் தைரியமாச் சொல்லுங்க.