வெப்ப விரிவும் பழைய மோட்டார்க் கார்களும்



வெப்ப விரிவைப்பற்றி நாம் யாவரும் பௌதிகப் பாடத்திற் படித்திருக்கின்றோம். பரீட்சை முடிந்ததும் பலருக்கு அது புத்தகத்தோடு நின்றுவிடுகின்றது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களுக்கோ அது உயிர்ப்பாடம். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971இல் அதன் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டு கழிந்தும் அது ஓடுகின்றதெனில், அதனைப் பேணிய கைகளின் திறமையே காரணமன்றோ?

மாட்டுவண்டிச் சில்லுக்குக் கொல்லர் இரும்புப் பட்டம் பூட்டும் முறையைப் பெரியோர் அறிவர். பட்டத்தைச் சில்லிலும் சிறிது சிறியதாகச் செய்து, நெருப்பிலிட்டு விரியச் செய்து மாட்டுவர். நீர் ஊற்றியதும் அது சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெப்பத்தை அளந்து பயன்படுத்தும் கலை எமக்குப் புதிதன்று.

காரின் இயந்திரத்திலும் இதுவே நிகழ்கின்றது. 100 மில்லிமீற்றர் நீளமான உருக்குக் கம்பி 100 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.12 மில்லிமீற்றர் நீளும். எழுதும் தாள் ஒன்றின் தடிப்பு அவ்வளவுதான். அலுமினியமோ ஏறத்தாழ அதன் இருமடங்கு விரியும். தாளின் தடிப்பு என்ன பெரிது என்று கேட்கலாம். மொறிஸ் மைனர் 1000 காரின் வால்வுக்கும் அதனை அழுத்தும் நெம்புக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியே 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர் அளவுதான்!

புகை வெளியேறும் வால்வு, தன்னைத் தாங்கும் இரும்பிலும் மிகுதியாகச் சூடேறி நீளும். இடைவெளி குறைவாயின் அவ்வால்வு தன் இருக்கையில் முற்றாகப் படியாது. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்குவதோ அவ்விருக்கை வழியாகத்தான். படியாத வால்வின் ஓரத்தால் தீப்போன்ற வாயு கசிந்து, நாளடைவில் அதனை எரித்துவிடும். இடைவெளி கூடினாலோ, இயந்திரம் சத்தமிடும். வால்வு திறக்கும் அளவும் குறையும்.

1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் எம்மவர் சிறிது பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அன்றியும், பெற்றோல் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் அகாலத்தில் வெடித்துத் தட்டும். தட்டினால் சூடு மேலும் ஏறும். உதிரிப்பாகங்கள் கிடைத்தற்கரிய அந்நாளில் ஒரு வால்வு எரிவது குடும்பமொன்றின் பிழைப்பே எரிவதாகும். ஆதலின் தாளளவு இடைவெளியைக் காப்பது அன்று அற்ப காரியமன்று.

பிற்காலத்து ஜப்பானியக் கார்களில் உணரிகள், அதாவது சென்சர்கள், வந்தன. அவற்றிலும் வெப்பம் விட்டபாடில்லை. இயந்திரத்துக்குள் காற்றை விடும் கதவு எவ்வளவு திறந்திருக்கின்றது என்பதை அறிவிப்பது ஓர் உணரி. சில கார்களில் அதன் திருகாணிகளைத் தளர்த்தி, சிறிது திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் அவற்றுட் சிலவற்றில், குளிர்ந்த வேளையில் அக்கதவைச் சற்றே திறந்து வைப்பதற்கு மெழுகு அடைத்த சிறு கருவி உண்டு. சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து, கதவை மூடவிடும். குளிரில் உணரியைச் சரிசெய்தவர், சற்றே திறந்த கதவையே மூடிய கதவென்று அதற்குக் கற்பித்தவராவார். பின்னர் சூடேறியபோது காலால் மெல்ல மிதித்தாலும் உணரி அதனை உணராது. கார் தயங்கித் தயங்கிப் புறப்படும். குற்றம் உணரியினதன்று.

இங்கே ஒரு ஐயம் எழலாம். எமது நாட்டு வெயிலில் காலை அளவும் மாலை அளவும் மாறாதா? காலைக்கும் நண்பகலுக்கும் வேறுபாடு பத்துப் பாகை எனக் கொண்டாலும், முன்சொன்ன கம்பி 0.012 மில்லிமீற்றரே நீளும். அது பொருட்டன்று. இயந்திரத்தின் சொந்தச் சூடே கவனிக்கத்தக்கது. மொறிஸ் மைனர் 1000 காருக்குக் குளிர்ந்த நிலையின் அளவே சொல்லப்பட்டுள்ளது. வேறு சில இயந்திரங்களுக்குச் சூடான நிலையின் அளவு சொல்லப்படும். ஆகவே இடைவெளி எவ்வளவு என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வியாகும். எந்தச் சூட்டில் என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். குளிர்ந்த நிலை என்றால் இரவு முழுவதும் ஓடாது ஓய்ந்த இயந்திரம். சூடான நிலை என்றால் நன்றாக ஓடி, வழமையான சூட்டை அடைந்த இயந்திரம். இடைப்பட்ட வெதுவெதுப்பில் எடுத்த அளவு இரண்டுக்கும் உதவாது.

தோழர்களே, கராச்சில் எண்ணெய்க் கையோடு நிற்பவரைப் படியாதவர் என்று எண்ணும் வழக்கம் எம்மிடையே இன்னும் உண்டு. விரலால் தகட்டின் இறுக்கத்தை உணர்ந்து, மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கை அறியும் அவரும் பௌதிகம் கற்றவரே. நாம் ஏட்டிற் கற்ற கணக்கை அவரிடம் கொண்டுசெல்வோம். அவர் கையிற் கற்ற நுட்பத்தை நாம் கேட்டறிவோம். அவ்விரண்டும் சேர்ந்தால் எமது முன்னோர் பேணிய வண்டிகள் இன்னும் பல்லாண்டு ஓடும்.