பறவை பார்க்க மலைக்குத்தான் போக வேண்டுமா?

(குறுவள மையக் கூட்டத்தில் வள்ளூர் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்புத் தமிழில் ‘சிறகின் ஓசை’ பாடத்தை நம்மில் பலர் நடத்தியிருப்போம். வலசை, சத்திமுத்தப் புலவர், சலீம் அலி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தப் பாடம் முதல் பருவத்தில் வருகிறது. பறவைகள் வருவதோ ஐப்பசி மழைக்குப் பிறகு. அதற்குள் வினா விடை எழுதி, தேர்வும் முடிந்துவிடுகிறது. அதனால் நான் தை மாதத்தில் அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கிறேன், வகுப்பறைக்கு வெளியே.

பறவை பார்ப்பது என்றாலே வால்பாறை, மூணாறு, வழிகாட்டி, தங்கும் விடுதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருவாச்சியைப் பார்க்க வேண்டுமானால் மலைக்குத்தான் போக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவுக்கு நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நம் பக்கத்துப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

வழிகாட்டிக்கு நாங்கள் பணம் கொடுக்கவில்லை. ஒரு மாணவியின் அப்பா வந்தார். கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிப்பவர். கரையில் நின்றபடியே சொன்னார்: “உள்ளான் நிக்கிற இடம் கணுக்கால் தண்ணி. பூநாரை நிக்கிற இடம் முழங்கால். கூழைக்கடா மிதந்தா அங்க எறங்காத.” தகவமைப்பு பற்றி நான் இரண்டு பாடவேளை நடத்தியது இதுதான். கால் நீளம், அலகு நீளம், கிடைக்கும் இரை என்று மீதியைப் பிள்ளைகளே நோட்டில் வரைந்துவிட்டார்கள்.

பூநாரைக் கூட்டத்தில் சில பறவைகள் சாம்பல் நிறமாக இருந்தன. “அது வேற பறவையா மிஸ்?” என்றான் ஒருவன். அவை இளம் பறவைகள். சிவப்புச் சாயல் பிறப்பிலேயே வருவதில்லை, பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறமி உடம்பில் சேரச் சேர வருகிறது. தலையைக் கவிழ்த்து, அலகைச் சல்லடை மாதிரி வைத்து அவை தின்பதைக் காட்ட ஒரே ஒரு தொலைநோக்கி போதும். முறை வைத்துப் பார்க்கட்டும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படகில் ஏற்றாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கரையிலிருந்தே நிறையப் பார்க்கலாம். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், தண்ணீர், தொப்பி, இவை போதும்.

பேருந்துக்கு வழியில்லாத பள்ளிகள் ஊருக்குள்ளேயே தொடங்கலாம். நம் உப்பளங்களில் உப்புக்கொத்தி, பவளக்காலி, ஆலா எல்லாம் உண்டு. உப்புக்கொத்தி என்ற பெயரே நம்ம ஊர்ப் பெயர் மாதிரிதான் இருக்கிறது! “எங்க ஊர்ல புகையும் நிலக்கரியும்தான் மிஸ்” என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். வலையெல்லாம் பாழானது, கூழைக்கடாக்களின் இறகு கருத்துப்போனது. அதற்கு முன் அங்கே என்னென்ன பறவை, எத்தனை இருந்தது என்று கேட்டால் நம் பள்ளிகளில் எத்தனை பேரால் நோட்டைக் காட்ட முடியும்? சேற்று நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மேடாகி வரும் இந்தப் பகுதியில் தேதி போட்ட ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, கண்டதை எண்ணி ‘இ-பேர்டு’ தளத்தில் பதிவிட வேண்டும், அவ்வளவுதான். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம். கால் நிறம், அலகு வடிவம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் வழங்கும் பெயரையும் பக்கத்திலேயே எழுதட்டும். எனக்குத் தெரியாத பல பெயர்கள் அப்படித்தான் கிடைத்தன.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் நோட்டுகளைக் கொண்டு வருகிறேன். புரட்டிப் பாருங்கள்.