சுடுதண்ணீரில் நிமிர்ந்த இறக்கை

என் மேஜை மேல் ஒரு விமானம் நிற்கிறது. நீளம் 22 சென்டிமீட்டர். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பன்னிரண்டரை. செய்து முடிக்க 14 மாதம் ஆனது. "கிட்டுன்னா ஒட்டிட வேண்டியதுதானே, அதுக்கு இத்தனை நாளா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானக் கிட் என்றால் பலருக்கும் நினைவு வருவது பிளாஸ்டிக். எஃகு அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்ப்பார்கள். அந்த அச்சை வெட்ட ஏகப்பட்ட செலவு; ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். ஆகவே ஸ்பிட்ஃபயர் கிடைக்கும், மிக் கிடைக்கும். அதிகம் பேர் கேட்காத விமானங்களைச் சிறு பட்டறைக்காரர்கள்தான் எடுத்துச் செய்கிறார்கள். கையால் ஒரு மூல உருவம் செய்து, அதன் மேல் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி அச்செடுப்பார்கள். பிறகு இரண்டு திரவங்களைக் கலந்து அந்த அச்சில் ஊற்றினால், சற்று நேரத்தில் இறுகிவிடும். அதுதான் ரெசின். ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்புகளிலேயே நைந்து போகும். கிட்டின் கோணல்மாணல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் எடுத்துக்கொண்டது மருத். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். எச்.எஃப்.-24 என்பது அதன் எண்.

பெட்டியைத் திறந்ததும் ஏமாற்றம்தான். வெண்ணெய் நிறத்தில் சில கட்டிகள். ரெசின் ஊற்றிய வாய், ஒவ்வொரு பாகத்தோடும் தடித்த கட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுக்க வேண்டும். கட்டை எங்கே முடிகிறது, விமானம் எங்கே தொடங்குகிறது என்பது பல இடங்களில் ஊகம்தான். வால் துடுப்பின் ஓரத்தைக் கட்டை என்று நினைத்து அறுத்துவிட்டேன். பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒட்டி, அதைத் திரும்ப வளர்ப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

அறுப்பதற்கு முன் குளிப்பாட்டல் உண்டு. வார்ப்பு ஒட்டாமல் வர அச்சில் ஒரு வழவழப்பைப் பூசியிருப்பார்கள். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு அதைத் தேய்த்துக் கழுவாவிட்டால், கடைசியில் அடிக்கும் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். இழைப்பதெல்லாம் வாட்டர் பேப்பரில், தண்ணீர் தொட்டுத்தான். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

என் கிட்டில் இடது இறக்கை வாழைப்பட்டை போல வளைந்திருந்தது. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் ரெசின் இளகும். எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பிடித்து, பச்சைத் தண்ணீரில் முக்கினால் நிமிர்ந்தபடியே நிற்கும். நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் பழைய வாழைப்பட்டை. மூன்றாம் முறைதான் சொன்ன பேச்சைக் கேட்டது.

உடல் இரண்டு பாதியாக வந்தது. இறுகும்போது ரெசின் சற்றே சுருங்கும். இரண்டு பாதியும் ஒரே அளவு சுருங்கும் என்று எழுதியா வைத்திருக்கிறது? வலது பாதி ஒரு மில்லிமீட்டர் நீளம். இந்தக் கிட் 72இல் ஒரு பங்கு அளவு; அந்த ஒரு மில்லிமீட்டர் நிஜ விமானத்தில் ஏழு சென்டிமீட்டர். பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டுவது. ரெசினிடம் அது செல்லாது. சூப்பர் க்ளூதான் கதி. அது நொடியில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திப் பார்க்க விடாது. இறக்கைகளைச் சும்மா ஒட்டினால் கனத்தில் பிய்ந்துவிடும் என்று துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகினேன். பின்பக்கம் கனத்து வாலில் உட்கார்ந்துவிடாமல் இருக்க, மூக்குக்குள் தூண்டில் ஈயம்.

இவ்வளவும் ஒரு பக்கம். அந்த இடுப்புதான் என்னை ஆட்டிவைத்தது. இறக்கை சேரும் இடத்தில் மருத்தின் உடல் ஒடுங்கும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்கான ஒடுக்கம் அது. உடலின் ஒட்டு சரியாக அந்த வளைவின் மேலேயே ஓடுகிறது. பட்டி வைத்துத் தேய்த்தால் வளைவு தட்டையாகிறது. தேய்க்காவிட்டால் ஒட்டு தெரிகிறது. பென்சிலில் வாட்டர் பேப்பரைச் சுற்றி இழைப்பேன். ப்ரைமர் அடித்தால் குற்றம் தெரியும். மறுபடி பட்டி. இரண்டு மாதம் இதே வேலை.

அந்த வளைவை வரைந்தவர் குர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்காக ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். போருக்குப் பின் அர்ஜென்டினா போய், அங்கிருந்து இந்தியா வந்தார். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் ஆசிரியராக இருந்திருக்கிறார். அங்கே படித்த அப்துல் கலாம் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரை நினைவுகூர்கிறார். மருத்துக்கும் முதலில் ஒரு மாதிரி செய்தார்கள் என்று பிறகு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழு அளவில், மரத்தால், எஞ்சின் இல்லாமல்! 1959இல் டகோட்டா விமானம் அதை இழுத்துக்கொண்டு மேலே போய் விட, கிளைடராகப் பறந்து இறங்கியது. நிஜ மருத் 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ்.

நினைத்திருந்த வலுவான எஞ்சின் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைத்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டும் அந்த உடலுக்குப் போதவில்லை. வேகத்துக்காக ஒடுக்கிய இடுப்பு, நினைத்த வேகத்தை எட்டாமலே ஓய்வு பெற்றது. ஆனாலும் 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில், ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் மருத் பறந்தது. மொத்தம் கட்டியவை 147.

மருத்தைக் கட்டிய எச்.ஏ.எல். நிறுவனத்தின் பெங்களூரு அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் மூக்குக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, அந்த இடுப்பைப் பாருங்கள்.